இத்தாலிப் பளிங்கும் மீன்குழம்புச் சட்டியும்

விருத்தாசலத்தில் சமையல் மேடைக்கு வெள்ளைப் பீங்கான் ஓடு பதிக்காத வீடு கிடையாது. சூளையில் வெந்து வந்த ஓடு. சூடு வைத்தாலும் ஒன்றும் ஆகாது, மஞ்சள் கொட்டினாலும் துடைத்தால் போய்விடும். அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

ஜெரினா செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். ஓட்டின் மேல் பெயிண்ட் அடித்து, கோழி இறகால் கோடு இழுத்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சை ஊற்றினால் இத்தாலிப் பளிங்கு தயார். அவளும் அடித்தாள், இழுத்தாள், ஊற்றினாள். துபாயிலிருந்து வீடியோ காலில் பார்த்த கணவன், "யாரு வூட்ல இருக்கே நீ?" என்று கேட்டான். அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

வெள்ளிக்கிழமை நாத்தனார் ஷமீனா வருகிறாள். அவள் வீட்டில் நிஜ கிரானைட். அதுவரை மேடையில் ஒரு கீறல் விழக்கூடாது. சூடு ஆகாது, புளி ஆகாது, மஞ்சள் ஆகவே ஆகாது. ஆகவே அடுப்பு கொல்லைக்கு இடமாற்றம் செய்யப்பட்டது.

இந்நிலையில் வீட்டு வரி போட வந்தார் சக்கரபாணி.

"பளிங்கா?"

"பெயிண்டு சார். அடியில நம்மூரு ஓடுதான்."

"அடியில இருக்கறத அரசாங்கம் பாக்காதும்மா. சமையல் எங்க பண்றீங்க?"

"கொல்லையில சார்."

"அப்ப இது சமையலறை இல்ல. காட்சிக்கூடம். கடை வரிதான் போடணும்."

"ஐயோ, நான் எதையும் விக்கலையே!"

"வியாபாரம் ஆகலன்னா அதுக்கு இலாகா பொறுப்பில்லம்மா. சமையலறைதான்னா, சூடான பாத்திரம் ஒண்ணு மேடையில இருக்கணும். அதான் விதி."

ஜெரினா நாத்தனாரை நினைத்தாள். கடை வரியை நினைத்தாள். "யா அல்லா" என்று கொல்லையில் கொதித்துக்கொண்டிருந்த மீன்குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து மேடையில் வைத்தாள்.

இத்தாலி 'சுர்ர்' என்றது.

"சமையலறைதான்" என்று திருப்தியோடு எழுதினார் சக்கரபாணி. அவர் எழுதி முடிப்பதற்குள் சட்டி ஆறி, உருகிய பூச்சும் இறுகிவிட்டது. எடுத்தால் வரவில்லை. மேற்படி சட்டியை அவரும் இழுத்துப் பார்த்தார்.

"நிரந்தரக் கட்டுமானம். அனுமதி வாங்கினீங்களா?"

வெள்ளிக்கிழமை ஷமீனா வந்தாள். சட்டியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, மேடையோடவே சட்டியா? வீடியோல கூட இன்னும் வரலையே! இத ஒட்டுன ஆள எங்க வூட்டுக்கும் அனுப்புங்க."

இப்போது அந்தத் தெருவில் சட்டி ஒட்டாத மேடை கிடையாது. எல்லாரும் கொல்லையில்தான் சமைக்கிறார்கள். சட்டி அனுமதி கேட்டு ஊரே வரிசையில் நிற்கிறது. சக்கரபாணி வீட்டுச் சட்டிக்கு மட்டும், முன்தேதியிட்டு, அனுமதி வழங்கப்பட்டுவிட்டது.