மாமனாருக்குப் பூசிய தைலம்

அந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் இருந்தவர்கள்: என் மனைவி ரீட்டா. அவள் அம்மா. அவள் பெரியப்பா, தோட்டத்துக் கங்காணி. நான். பிறகு என் மாமனார் சூசை. அவர் ஒருவர்தான் செத்திருந்தார்.

ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த நாட்கள். மச்சான் செபஸ்தி கொழும்பில் மாட்டிக்கொண்டான். அப்பாவோடு சண்டை பிடித்துப் போனவன்.

"அண்ணன் மொகத்தப் பார்க்காம பெட்டிய மூட விடமாட்டேன்," என்றாள் ரீட்டா.

"மாத்தளை வெயிலுக்கு நாளைக்கே நாறிரும் புள்ள," என்றார் கங்காணி.

எனக்குக் கறுவாப்பட்டை மர இலையில் தைலம் காய்ச்சும் வாடிக் கொட்டகையில் வேலை. (படிப்பு ஐந்தாம் வகுப்பு. துணிச்சல் அதற்கும் மேலே.) கையில் வெட்டுப்பட்டால் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டுத் தைலம் கலந்து தடவுவோம். சீழ் பிடிக்காது. கிருமி செத்துவிடும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு சொட்டு. செத்தவருக்கு? ஒரு போத்தல் கொண்டுவந்தேன். யாரும் பார்க்காத நேரம் தலை முதல் கால்வரை பூசினேன். எண்ணெய் கலக்கவில்லை.

அறை முழுக்கக் கறுவா வாசம். என் மேல் எப்போதும் அடிக்கிற வாசம்தான். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் நாறவில்லை. ஒரு ஈ கூட உட்காரவில்லை. வாசலில் படுக்கும் நாய் எழுந்து போனது, திரும்பவில்லை. முகம் பளபளத்தது. உயிரோடு இருந்தபோது அப்படி இருந்ததில்லை.

மூன்றாம் நாள். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் அல்லவா, மாமியார் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அன்று சட்டத்தைச் சில மணி நேரம் தளர்த்தினார்கள். செபஸ்தி வந்து சேர்ந்தான். பக்கத்து லயத்துச் சனமும் வந்து அறையை நிறைத்தது. பெட்டி மூடுமுன் நெற்றியில் முத்தமிடுவது எங்கள் வழக்கம். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செபஸ்தி முதலில் குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா சுடுறாரு."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கப்பா, இனிமே எதிர்த்துப் பேசமாட்டேன்!" காலைப் பிடித்து அங்கேயும் முத்தமிட்டான். (அங்கேயும் பூசியிருந்தேன்.)

பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். உதட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். சுவரோரம் போய் நின்றார்கள். கங்காணி மட்டும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "சூச, பலாமரத்த வெட்டினது நீன்னு தொரகிட்ட சொன்னது நான்தாம்ப்பா." செபம் தொடங்கியது. மரத்துப்போன வாய்களிலிருந்து முனகல்தான் வந்தது.

என் முறை. குனிந்தேன். உதடு படவில்லை.

"ஏங்க," என்றாள் ரீட்டா. அவள் வாய் இட்லிபோல் உப்பியிருந்தது. "நீங்க மட்டும் ஏன் வாய் வைக்கல?"

சுட்டது என் தைலம்தான் என்று அன்றிரவு அவளிடம் ஒப்புக்கொண்டேன். செபஸ்தியிடமும் உண்மையைச் சொன்னோம். நம்பவில்லை. இன்றும் அப்பா படத்துக்கு முன் குரலை உயர்த்தமாட்டான்.

எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் பேரப்பிள்ளைகள் கேட்கும்: "தாத்தா, ஒங்களுக்கு எத்தன போத்தல்?" ரீட்டா சிரிப்பதில்லை. வீங்கிய வாய்களை அவள் அன்றே எண்ணி வைத்திருக்கிறாள்.

பத்தொன்பது.