பத்மாவின் தேவாரமும் என் பிழையான பொயின்ரரும்

மென்மையாகப் பாடிய மனைவியை, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் லொறியாக்கிய பாவி நான்.

மகள் துளசிக்கு ஒரே ஆசை: கலியாணத்தன்று மணவறைக்கு வரும்போது அம்மாவின் தேவாரம் ஒலிக்கவேண்டும். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தபின் என் மனைவி பத்மா பாடுவதில்லை. பழைய கணினியில் பதிந்த ஒரு பாட்டுத்தான் மிச்சம்.

"மாமா, அந்தப் பழைய பதிவை மாத்தித் தாறன், போனிலயே போடலாம்," என்றார் கொட்டாஞ்சேனை மாப்பிள்ளை நிரோஷன்.

"சும்மா இரும் தம்பி. எவ்வளவு காலம் சி எண்ட கணினி மொழியில புரோகிராம் எழுதினனான்!" (ஓய்வுபெற்ற எஞ்சினியரின் வாய்க்கு மருந்தில்லை.)

நானே ஓர் ஒலிப்பெட்டி செய்தேன். அந்தப் பதிவில் குரலின் ஒவ்வொரு துளியும் பூச்சியத்திலிருந்து 255 வரையான ஓர் எண். மௌனம் என்பது நடுவிலுள்ள 128. நினைவகத்தில் அந்த எண்கள் இருக்கும் இடம் பஃபர்; அவற்றைச் சுட்டிப் படிப்பது பொயின்ரர். ஒலி மேலும் கீழும் அசைவதுதானே என்று, மைனஸ் எண்களையும் படிக்கும் வகைப் பொயின்ரரை அந்த பஃபருக்கு வைத்தேன். 127ஐத் தாண்டிய எண்ணெல்லாம் மைனஸாகிவிட்டது. 128ஐச் சுற்றி மெல்ல அசைந்த குரல், உச்சிக்கும் பாதாளத்துக்கும் குதித்தது. பாட்டு எவ்வளவு மென்மையோ, அவ்வளவு இரைச்சல்.

வகை பொருந்தவில்லை என்று, எழுதியதைச் சரிபார்த்து இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்தது. வகைமாற்றம் ஒன்றை எழுதி அதன் வாயை மூடினேன். சோதனைக்கு என் குரலை அதே பெட்டியில் பதிந்து, அதிலேயே கேட்டேன். எழுதியதும் படித்ததும் ஒரே வகை, தேனாக இருந்தது. பத்மாவின் பதிவைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளவத்தை மண்டப வாசலில் துளசி நின்றாள். பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கர்கள் உறுமின.

"ஜெனரேட்டர் வெடிக்கப் போகுது, எழும்புங்கோ!" என்று கத்தினார் துறைமுகத்தில் வேலைசெய்த நிரோஷனின் பெரியப்பா. முன்வரிசை எழும்பிவிட்டது.

"அப்பா, அம்மான்ர பாட்டு எங்க?"

"இதுதான் பிள்ளை..."

வயரைப் பிடுங்கினேன். துளசி அசையவில்லை. கண் மை கரையத் தொடங்கியது.

பத்மா எழுந்து போய் மகளின் கையைப் பிடித்தாள். காதோடு காதாக, உடைந்த குரலில் பாடிக்கொண்டே மணவறைக்குக் கூட்டிவந்தாள். வேறு ஒருவருக்கும் கேட்கவில்லை. துளசிக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே பொயின்ரரை மாற்றிவிட்டேன். பெட்டி இப்போது அழகாகப் பாடுகிறது; அதைக் கேட்கத்தான் ஆளில்லை. வீட்டுக்கு வெளியே பெருவீதியில் சைலன்சர் உடைந்த ஆட்டோ போனால் நிரோஷன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிர்த்துவார்.

"மாமி பாடுறா."

பத்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் சொல்வாள்:

"அது நானில்லைத் தம்பி. மாமா எழுதினது."