காது குடையக் கடப்பாரை வாங்குகிறவர்

கடவுளின் படைப்பில் குற்றம் சொல்ல நான் யார்? கொசுவைப் படைத்தார், அதைத் தின்னப் பல்லியையும் படைத்தார். கணக்குச் சரியாய்ப் போயிற்று. ஆனால் ‘பெரிசாவே குடுங்க’ என்கிற மனிதரை எந்தக் கணக்கில் படைத்தார் என்பது மட்டும் இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

உங்களுக்கும் அவரைத் தெரியும். மழைக்குக் குடை வாங்கப் போனால் நாலு பேர் நிற்கிற குடையை வாங்கி, அது பஸ் கதவுக்குள் நுழையாததால் நனைந்துகொண்டே நடந்து வருவாரே, அவர்தான். நூடுல்ஸ் கடையில் பெரிய கிண்ணம் கேட்டு வாங்கிப் பாதியிலேயே மூச்சு முட்டி, மிச்சத்தைப் பார்த்து, “கிண்ணம் நல்லாத்தான் இருக்கு” என்று கடைக்காரருக்குச் சான்று கொடுத்துவிட்டு எழுந்திருப்பாரே, அவரேதான். ஊருக்கு ஊர் இருக்கிறார். ஆனால் எங்கள் தாய்ச்சுங் நகரத்தில், வீட்டுக்கு வீடு கீழ்த்தளத்தில் மெஷின் ஓடுகிற எங்கள் சந்துகளில், அவர் ஸ்பிண்டில் வாங்க வருவார். அங்கேதான் அவருடைய முழு அழகும் தெரியும்.

மெஷினில் உலோகத்தை வெட்டுகிற கட்டரைக் கவ்விச் சுற்றுகிற தண்டுதான் ஸ்பிண்டில். அதற்கு பேரிங் பூட்டுவதுதான் லாய் அண்ணன் பட்டறையில் என் வேலை. ஆகையால் இந்த இனத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வந்தால் உட்கார மாட்டார். ஊற்றி வைத்த டீயைத் தொட மாட்டார். நேரே போய் இருப்பதிலேயே பருமனான ஸ்பிண்டிலுக்கு முன்னால் நின்று, எருமை வாங்குகிறவரைப் போல அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டு, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, தூக்க முடியாமல் போனதும் முகமெல்லாம் பூரித்து, “எத்தனை எச்.பி.?” என்று குதிரைசக்தியை விசாரிப்பார். எவ்வளவு சொன்னாலும் அடுத்த கேள்வி, “இதைவிடப் பெரிசு இல்லையா?”

என்ன வேலைக்கு? அது அவர் அகராதியில் இல்லை.

யூ வான்-தே அப்படி வந்தவர்தான். எங்கள் பட்டறைக்கு நாலு கதவு தள்ளி அவர் பட்டறை. சைக்கிள் பாகம் செய்து சாப்பிட்ட குடும்பம். சைக்கிளுக்கு ஆர்டர் நின்று ஒரு வருடமாயிற்று. சும்மா நின்ற மெஷின்களில் இரண்டை விற்றாயிற்று. அந்தச் சமயத்தில், ஜப்பானிலிருந்து ஹிராசே என்கிறவர், காது கேட்கும் கருவிக்குள் இருக்கிற ஒரு சின்னப் பாகத்தை வார்க்க எஃகில் அச்சுச் செய்து காட்டச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு நாளில் வந்து பார்ப்பார். பிடித்தால் வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். வேலையாட்கள் இரண்டு பேரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

கணவரோடு பாவ்-யுவேயும் வந்திருந்தார். முதலாளியம்மா என்று பெயர்; மெஷினை ஓட்டுவது அவர்தான். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து லாய் அண்ணனிடம் காட்டினார். உள்ளே ஒரு கட்டர். ஐந்தாறு தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம்தான் அதன் முனை.

“அண்ணே, வேலை முழுக்க இதுலதான்” என்றார்.

லாய் அண்ணன் மணிக்கட்டுப் பருமனில் இருந்த ஸ்பிண்டிலைக் காட்டினார்.

“அது எத்தனை எச்.பி.?” என்று யூ அதை உதட்டாலேயே சுட்டிக் கேட்டார். கையை நீட்டக்கூட அதற்குத் தகுதியில்லை போலும்.

“ரெண்டு. ஆனா நிமிஷத்துக்கு நாப்பதாயிரம் சுத்து. நீங்க தட்டிக்கிட்டிருக்கீங்களே, அது இருபது எச்.பி., எட்டாயிரத்துலயே அதுக்கு மேல்மூச்சு வாங்கும்.”

“ரெண்டா! எங்க வீட்டுத் தண்ணி மோட்டார் அதைவிட ஜாஸ்திண்ணே!”

“அப்ப தண்ணி மோட்டாரை வெச்சே அச்சு வெட்டுங்க, முதலாளி.”

யூ சிரிக்கவில்லை. லாய் அண்ணன் பொறுமைசாலி, இறங்கி வந்தார். “இதோ பாருங்க. அப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குழந்தை நடக்குது. அப்பன் ஒரு அடி வைக்குறதுக்குள்ள அது அஞ்சு அடி வைக்கணும். இல்லேன்னா விழுந்துடும். கட்டர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாச் சுத்தணும்.”

“குழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுப் போவேன். பலம் எதுக்கு இருக்கு?”

அவருக்கென்று ஊற்றி வைத்த டீயை லாய் அண்ணனே எடுத்துக் குடித்தார்.

பாவ்-யுவே மெல்லக் கேட்டார். “சுத்துறப்போ முனையில ஆட்டம் எவ்வளவு இருக்கும், அண்ணே?”

“சின்னதுலயா? ஒரு தலைமுடியை முப்பதா வகுந்தா ஒரு பங்கு. பெரிசுல அதுபோல அஞ்சு மடங்கு. சைக்கிள் பாகத்துக்கு அது உறைக்கவே உறைக்காது. இந்தக் கட்டருக்கு அது பூகம்பம்மா.”

“ஏங்க, கேட்டீங்களா?” என்று பாவ்-யுவே கணவர் பக்கம் திரும்பினார்.

“கேட்டேன், கேட்டேன். சின்னது வாங்கி அழுதவன் நூறு பேர். பெரிசு வாங்கி அழுத ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்.”

அவரே காட்டத்தான் போகிறார். கொஞ்சம் பொறுங்கள்.

இருபது குதிரையும் சங்கிலிப் பளுதூக்கியில் ஏறி, மூன்று பேர் தோள் கொடுக்க, ஊர்வலமாய் அவர் பட்டறைக்குப் போயிற்று. பூட்டிக் கொடுக்க நானும் போனேன். அவர் அதற்கு மாலை போடாததுதான் குறை. பெரிய ஸ்பிண்டில் கர்ஜித்தது. தரை அதிர்ந்தது. யூ எங்களையெல்லாம் பார்த்துப் புன்னகைத்தார். முடி கனத்துக் கட்டர் எஃகைத் தொட்டது.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பெரிய பெரிய தவறுகளெல்லாம் எத்தனை சின்னச் சத்தத்தோடு முடிந்துபோகின்றன! முதல் நாள் ஒன்பது கட்டர் ஒடிந்தன. மறுநாள் பதினொன்று. ஒடியாமல் இருக்கட்டுமென்று பாவ்-யுவே நத்தை போல ஓட்டிப் பார்த்தார். ஒடியவில்லைதான். ஆனால் ஒரு அச்சுக்கு ஆறு நாள் ஆகும் போலிருந்தது. வெட்டின இடமோ எலி பிறாண்டின சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தான் வாங்கின பொருளைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின்மேலும் சந்தேகம் வரும். கட்டர் விற்றவன் ஏமாற்றுக்காரன். எஃகு மட்டம். மின்சாரம் ஏறி இறங்குகிறது. தரை வடக்கே சாய்ந்திருக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரன் பொறாமைக்காரன். கடைசியில் அவர் கண் மெஷினின் தலைமேல் போய் நின்றது.

எங்கள் ஊரில் மெஷின் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ஒரு பச்சைப் பொட்டலம் சோளப்பொரி இருக்கும். மெஷின் சமர்த்தாக நடந்துகொள்ள அது காவல். மஞ்சள் பொட்டலம் ஆகாது. தேதி கடந்தது ஆகவே ஆகாது. எனக்கும் இதில் நம்பிக்கை உண்டு. என் மேசைமேலும் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டாம் நாளும் பதினாறாம் நாளும் பூமிசாமிக்கு ஊதுபத்தி ஏற்றாமல் நான் ஒரு பேரிங்கைத் தொட்டதில்லை.

யூ பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேதி முடிந்து ஐந்து நாள்!

“பார்த்தியா! பார்த்தியா! நான் அப்பவே நினைச்சேன்!”

“ஏங்க, பொட்டலம் மாத்தினா ஆட்டம் குறையுமா?”

“வாயை மூடு. சாமி காதுல விழும்.”

புதிது வாங்கப் போனார். எந்த அளவு வாங்கினார் என்று நான் சொல்ல வேண்டுமா? கோயில் திருவிழாவுக்கென்று விற்கிற, தலையணை போன்ற பொட்டலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். அது மெஷின் தலையில் உட்காரவில்லை. பக்கத்து மின்பெட்டிமேல் சாய்த்து வைத்தார். அதன் காற்றுத் துவாரம் முழுக்க அடைபட்டது. முக்கால் மணி நேரத்தில் பெட்டி கொதித்து, சிவப்பு விளக்கு எரிந்து, மெஷின் மொத்தமாய் நின்றது.

அதற்கும் மேலே என்ன செய்வார் என்கிறீர்கள்? “ஒண்ணு போதாது” என்று இன்னொன்று வாங்கக் கிளம்பினார்.

சாமியை நினைத்து எனக்கு வருத்தமாயிருந்தது. யோசிக்க மூளையையும் கொடுத்துவிட்டு, இவர் வைக்கிற பொரிக்காக இவருக்குப் பதில் தாமே யோசிக்கவும் வேண்டுமென்றால் அவரும் என்னதான் செய்வார்?

ஹிராசே வர மூன்று நாள் இருந்தது. கணவர் தலை மறைந்ததும் பாவ்-யுவே எங்கள் பட்டறைக்கு ஓடி வந்தார். அழவில்லை.

“அண்ணே, அந்தச் சின்னதை மூணு நாளைக்குக் குடுங்க. ஆளுங்க ரெண்டு பேரு வேலையும் அதுல தொங்குது. அந்தப் பெரிசை இப்பக் கழட்டவும் நேரமில்லை.”

“கழட்ட வேண்டாம்மா” என்றார் லாய் அண்ணன். “அது வாயிலயே இதைச் சொருகிடலாம்.”

அப்படித்தான் செய்தோம். பெரியதின் வாயில் சின்னதைக் கவ்வக் கொடுத்து, பெரியது அசையாதபடி பூட்டுப் போட்டோம். இருபது குதிரையும் நின்றுகொண்டு ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தன. பொட்டலத்தை நகர்த்தினோம். பாவ்-யுவே டயலை வைத்து ஆட்டம் பார்த்தார். முள் அசைந்ததா என்றே தெரியவில்லை. பொத்தானை அமுக்கினார். கொசு பாடுகிற மாதிரி மெல்லிய சத்தம். ஒரே கட்டர் மாலை வரை ஓடியது.

தலையணைப் பொட்டலம் இன்னும் இரண்டோடு வந்து நின்றார் யூ. “என்ன சத்தம் அது?”

“வேலை நடக்கிற சத்தம்” என்றார் பாவ்-யுவே, திரும்பாமல்.

ஹிராசே வந்தார். இருபது வருடமாய் வந்து போகிறவர்; எங்கள் பேச்சையே பேசுவார். பூதக்கண்ணாடியை வைத்து அச்சை வெகுநேரம் பார்த்து, “நல்லா இருக்கே! எந்த ஸ்பிண்டில்ல வெட்டினது?” என்றார்.

யூவுக்குக் கை தானாகப் போயிற்று, பெரியதின் முதுகுக்கு. “இருபது எச்.பி., ஐயா!”

ஹிராசே முகம் மாறியது. கண்ணாடியைக் கீழே வைத்தார். “இதை, அதுலயா? அப்ப இது இங்க வெட்டினது இல்லை. யாரோ செஞ்சதை வாங்கிக் காட்டுறீங்க.” நோட்டுப் புத்தகம் மூடப்பட்டது. வேலையாட்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஐயா, இப்படி வாங்க” என்று பாவ்-யுவே அவரை மெஷினுக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், புதுத் துண்டொன்றை வைத்துப் பொத்தானை அமுக்கினார். ஹிராசே குனிந்தார். கொசுச் சத்தம் கேட்டார். பூட்டுப் போட்ட பெரியதை ஒருமுறை, சின்னதை ஒருமுறை பார்த்தார். இருமல் வந்ததுபோல் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு நோட்டுப் புத்தகம் திறந்தது. ஒரு வருட வேலை.

யூ திருந்தினாரா? ஏன் திருந்தாமல்? மறுநாளே வந்தார். உட்கார்ந்தார். டீகூடக் குடித்தார்.

“லாய் அண்ணே, என் பெரிசு மட்டும் இல்லேன்னா அந்தக் குச்சியை யாரு பிடிச்சிருப்பா, சொல்லுங்க? சரி, அது போகட்டும். எச்.பி. முக்கியமில்லைன்னு எனக்கு இப்பப் புரிஞ்சுபோச்சு. சுத்துதான் முக்கியம். நாப்பதாயிரம் எதுக்கு? எம்பதாயிரம் இருக்கா? இருக்கிறதுலயே பெரிய சுத்தாக் குடுங்க.”

“என்ன வேலைக்கு முதலாளி?”

“சைக்கிள் பெடல் கட்டைக்கு. பழைய ஆர்டர் ஒண்ணு திரும்ப வருது.”

லாய் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேரிங்கைப் பார்த்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள், அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றே ஒன்றுதான் கேட்க நினைத்தேன். இதைப் படிக்க உட்காரும்போது, என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கும் முன்னால், எத்தனை பக்கம் என்று புரட்டினீர்களே, அப்போது “ப்சு, இவ்வளவுதானா?” என்று சொன்னது யார்?