தண்ணீரில் ஓடிய நீள சைக்கிள்

சைக்கிள் கடை வீரய்யா எனக்குத் தரவேண்டியது தொண்ணூற்றேழு ரூபாய் ஆறு அணா. வாய்க்கணக்கு இல்லை. அவன் கடைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் நானே எழுதி வைத்திருந்தேன். முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்ற கை. ஒன்பதும் ஏழும் சண்டைபோட்ட பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஆனால் தொகையில் பிசகு கிடையாது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் அறந்தாங்கியே கைநீட்டிக் காட்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலுக்குப் போயிற்று. அங்கேதான் ஜலநாத சுவாமிகள் எழுந்தருளியிருந்தார்.

கூட்டம் என்றால் சொல்லி மாளாது. மீமிசல் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆவுடையார்கோவில் பஸ்ஸில் கூரையின் மேலும் ஆள். சர்பத் விற்றவன் மூன்றாம் நாள் இரண்டாவது கடை போட்டான். அற்புதம் வேறு யாருக்கு நடந்ததோ தெரியாது, அவனுக்கு நடந்தது.

எதைப் பார்க்க இத்தனை கூட்டம்? ஒரு சைக்கிளை.

சைக்கிள் என்றால் நாமெல்லாம் மிதிக்கிற சைக்கிள் இல்லை. ஒன்றரைப் பங்கு நீளம். தெருமுனையில் முன்சக்கரம் திரும்பிப் போய்விடும். பின்சக்கரம் இன்னும் வந்துகொண்டிருக்கும். கைப்பிடி மாட்டுக்கொம்பு போல மேலே தூக்கி வளைந்திருந்தது. அங்கிருந்து ஆசனம் வரைக்கும் மூங்கில் தடிமனுக்கு ஒரு நீளக் குழாய், பின்பக்கம் சரிந்து இறங்கும். அதில் செதில் செதிலாகப் பச்சை வர்ணம். முன்னால் தகரத்தில் வெட்டிய, படமெடுத்த பாம்புத் தலை. வண்டிக்கு நாகராஜா என்று பேர். மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். கைப்பிடிக்கு நடுவில் ஒரு பித்தளைப் பானை.

சுவாமிகள் குளத்துத் தண்ணீர் இரண்டு படி அளந்து அந்தப் பானையில் ஊற்றுவார். கண்ணை மூடி என்னவோ முணுமுணுப்பார். சீடன் ஒருவன் சாம்பிராணிப் புகையை அள்ளி வீசுவான். எனக்குத் தெரிந்து எந்தச் சாமிக்கும் அத்தனை சாம்பிராணி போட்டதில்லை. பிறகு மிதிப்பார். டப டப டப என்று மோட்டார் பிடித்துக்கொள்ளும். ரயிலடி வரை போவார், வருவார், மறுபடி போவார், வருவார். திரும்பி வந்து பானையைக் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டு இருக்காது. நாகராஜா குடித்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. ஆசனத்துக்குப் பின்னால் பாம்பின் வால் போல வளைந்த இடத்தில் ஒரு திருகு இருந்தது. அதைத் திறந்தால் தண்ணீர் ஒழுகும். அது தீர்த்தம். ஒரு கரண்டி காலணா. குடித்தால் மலடி பெறுவாள், முடவன் நடப்பான். ஐந்து நாளில் நடந்த முடவனை நான் பார்க்கவில்லை. வரிசையில் நின்று கால் வீங்கிப்போனவர்களைப் பார்த்தேன்.

அந்தத் தீர்த்தத்தைப் பிடித்துக் கரண்டியால் ஊற்றுகிற வேலைக்கு நாள் கூலி பத்தணாவுக்கு அமர்ந்திருந்தவள் என் சம்சாரம் மூக்காயி. கூலி கொடுத்தால் யாருக்கும் வேலை செய்வோம். கும்பிடுவது தனி.

இனி என் பணத்துக்கு வருகிறேன்.

நான் மண்ணெண்ணெய்க் கிடங்கிலும் சந்தையிலும் மூட்டை தூக்குகிறவன். இருபத்திரண்டு வருஷம் தூக்கியதில் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. இதைப் பார்த்துத்தான் வீரய்யா அந்த யோசனையைச் சொன்னான். இரண்டு பழைய சைக்கிளை அறுத்து நீளமாக ஒன்றாய்ப் பற்றவைப்பது. நடுவில் பலகை அடித்தால் மூன்று மூட்டை வைக்கலாம். திருச்சியில் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன மோட்டார் கிடக்கிறது, இருநூறு ரூபாய், அதை மாட்டினால் மிதிக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். கடைத் தரையில் சாக்பீஸால் வண்டியைப் படம் போட்டே காட்டினான். சங்கிலி எங்கே, மோட்டார் எங்கே, மூட்டை எங்கே என்று எல்லாம் குறித்தான். பெட்ரோல் டாங்கி வைக்கத்தான் இடம் அகப்படவில்லை. அழித்து அழித்து எழுதினான்.

வண்டியில் ஆளுக்குப் பாதி. என் பங்குக்கு இருந்ததையெல்லாம் துடைத்துக் கொடுத்தேன். அதுதான் தொண்ணூற்றேழு ரூபாய் ஆறு அணா. மீதியை அவன் போடுவான். இரும்புக் கடைக்காரர் சனிக்கிழமை வரைதான் மோட்டாரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை சுவாமிகள் வந்தார். செவ்வாய்க்கிழமை வீரய்யா தரையில் போட்ட படத்திலிருந்து டாங்கியை அழித்துவிட்டான். டாங்கியே வேண்டாமாம். ஜல மந்திரம் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் பெட்ரோல் செலவு இல்லை. மந்திரத்துக்கு முன்பணம் நூற்றொன்று. என் பணத்தோடு சில்லறை சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உபதேசம்; அப்போது இன்னொரு நூறு.

அதாவது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல் எங்களிடம் மோட்டாரும் இருக்காது, மோட்டார் வாங்கப் பணமும் இருக்காது. மந்திரம் இருக்கும். அதன் மேல் மூட்டை ஏற்ற முடியாது.

"தம்பி, தண்ணியில மோட்டார் ஓடும்னா மழை பேஞ்சா பஸ்ஸெல்லாம் தானா கிளம்பிருமேப்பா" என்று கேட்டேன்.

"அது மந்திரிக்காத தண்ணிண்ணே" என்றான் வீரய்யா.

எந்த மோட்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன். அவனே கண்ணை மூடிக்கொண்ட பிறகு யாரிடம் சொல்ல? அவனையாவது ஏழை ஆசை என்று விடலாம். நூறு ஏக்கர் பண்ணைக்காரர் உடையப்பன் முந்நூறு ரூபாய் கட்டியிருந்தார். அவர் வயலில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்திருக்கிறார். இனி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் தண்ணீரையே எஞ்சினுக்கு ஊற்றுவாராம். இதைச் சுவாமிகளே சொல்லவில்லை. பண்ணைக்காரர் சொந்தமாகக் கண்டுபிடித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே மூக்காயி சொன்னாள்.

"இங்கருங்க, ஒண்ணு கேக்கணும். அந்தச் சாமி காலையில பானையில ரெண்டு படி ஊத்துறாரு. நான் வால்ல ரெண்டு படி புடிக்கிறேன். தெனமும் ரெண்டு, ரெண்டுதான். அப்ப வண்டி என்னத்தக் குடிச்சுச்சு?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. நாலு நாளாக ஆயிரம் பேர் பார்த்தார்கள். பண்ணைக்காரர் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்தவன் எவனும் அளக்கவில்லை. கரண்டி பிடித்தவள் அளந்திருக்கிறாள்.

"அளவு சரியாத் தெரியுமா புள்ள?"

"கரண்டியில வித்தவளுக்குப் படி தெரியாதா? மேல ஊத்துனத அப்படியே கீழ விடுது. நாகராசா குடிக்கவே இல்லைங்க. அது வாய் கொப்புளிக்குது."

தண்ணீர் தன் வழியில் போகிறது என்றால், மோட்டாருக்கு வேறு எதுவோ வேறு வழியில் போகிறது. அந்தக் கொழுத்த குழாய் என் கண்ணுக்குள் வந்து நின்றது. வீரய்யா டாங்கிக்கு இடம் தேடித் தேடி அழித்தானே, சுவாமிகள் தேடவே இல்லை. வண்டியை நீட்டிவிட்டார்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. டிரம் வந்து இறங்கியதும் மூடியைத் திறக்க மாட்டோம். மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவோம். காலியான இடம் ணங் என்னும். எண்ணெய் நிற்கிற இடம் தொப் என்னும். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் தட்டும்போது சத்தம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எவனோ எண்ணெய் எடுத்திருக்கிறான். இதில் எந்தக் கணக்குப்பிள்ளையும் எங்களை ஏமாற்றியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானும் வரிசையில் நின்றேன். வீரய்யா குளித்து, வேட்டியை மாற்றி, மடியில் நூறு ரூபாயோடு முன்னால் உட்கார்ந்திருந்தான். என் முறை வந்ததும் சுவாமிகள் காலைத் தொட்டேன். அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நாகராஜாவின் திருமேனியில் ஒரு திருநீற்றுப் பட்டை போட அனுமதி வேண்டும் என்றேன்.

"தாராளமாப் போடு மகனே" என்றார்.

ஓரணாக் காசை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற மாதிரி மேலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். ணங். ணங். ணங். தொப். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. என்னைப் பார்த்து நாலு பேர் திருநீற்றோடு ஓடிவந்து தங்கள் பங்குக்கும் கோடு போட்டார்கள். அவர்கள் போட்டது பக்தி. நான் போட்டது இருப்பு.

சுவாமிகள் இரண்டு படி ஊற்றினார். சாம்பிராணி பறந்தது. டப டப என்று ரயிலடிக்குப் போனார், வந்தார், போனார், வந்தார். பானையைக் கவிழ்த்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரய்யா மடியை அவிழ்த்தான்.

மூக்காயி வால் திருகைத் திறந்து தவலையில் தீர்த்தத்தைப் பிடித்தாள். ஆனால் கரண்டியை எடுக்கவில்லை. முந்தானையில் மறைத்து வைத்திருந்த படியை எடுத்து, நெற்களத்தில் அளப்பது போல உரக்க அளந்தாள்.

"லாபம்." இன்னொரு படி. "ரெண்டு." தவலையைக் கவிழ்த்துக் காட்டினாள். "சாமி, ஊத்துனது ரெண்டு. வந்தது ரெண்டு. வண்டி பட்டினியாவா ஓடுச்சு?"

களத்தில் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அந்தச் சொல் கேட்டதும் விவசாயிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அளவு என்று வந்துவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

சுவாமிகள் சிரித்தார். நாகராஜா சாரத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு சக்கையை விடுகிறார் என்றார். பண்ணைக்காரர் அதற்கும் தலையாட்டினார்.

நான் காசை எடுத்துக்கொண்டு குழாயிடம் போனேன். இந்தத் தடவை கண்ணில் ஒற்றவில்லை. எல்லாருக்கும் கேட்கத் தட்டினேன். ணங், ணங், ணங். கோட்டுக்கு வந்தேன். அங்கேயும் ணங். அதற்குக் கீழே நாலு விரல்கடை தள்ளித்தான் தொப்.

"தண்ணி கொறையலை. இதுக்குள்ள ஒண்ணு நாலு விரல் கொறைஞ்சிருக்கு" என்றேன். "கெடங்குல இப்படிக் கொறைஞ்சா நாங்க அதுக்கு வேற பேரு சொல்லுவோம் சாமி."

சுவாமிகளின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்துபோயிற்று. குழாய்க்குள் நாகராஜாவின் மூச்சு அடைத்திருக்கிறது, திறக்கிறவன் கண் அவிந்துபோகும் என்றார். முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது.

வீரய்யா எழுந்தான். என்னைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். அது ஆசனத்தோடு சேருகிற இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண்ணுக்கு இப்போதுதான் கடைக்காரனின் பார்வை வந்தது.

"இங்கன ஒரு திருகு மறை இருக்குண்ணே" என்றான். அவன் குரல் ஏறவே இல்லை. "அஞ்சு நாளா இந்த மறையப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கும்புட்டுக்கிட்டே பாத்தேன்."

மடியில் நூறு ரூபாயைத் திரும்பச் செருகிக்கொண்டு, இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்தான். உபதேசத்துக்கு வந்தவன் இடுப்பில் ஸ்பானர் எதற்கு என்று கேட்காதீர்கள். அவன் கல்யாணத்தன்றும் அது இருந்தது. மறையைத் திருகினான். கடைசிச் சுற்றில் மூக்காயி படியை நீட்டினாள். உள்ளிருந்து சிவப்பாய் ஒழுகியது. சாம்பிராணி எவ்வளவோ முயன்று பார்த்தது. பெட்ரோல் வாடை பொட்டல் முழுக்கப் பரவியது.

வீரய்யா இரண்டு கண்ணையும் நன்றாக விரித்துக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "தெரியுதுப்பா" என்றான்.

சீடன் எப்போது ஓடினான் என்று யாருக்கும் தெரியாது. சுவாமிகளால் ஓட முடியவில்லை. அவருடைய வண்டிக்குத்தான் இப்போது பெட்ரோல் இல்லையே. யாரோ தலையைப் பிடித்தார்கள்; ஜடை கையோடு வந்துவிட்டது. எங்கேயோ மோட்டார் ஷெட்டில் கிளீனராக இருந்ததாக ஒப்புக்கொண்டார். நல்ல வேலைக்காரன்தான். அந்தக் குழாய்க்குள் இரண்டு வழி வைத்துப் பற்றவைத்திருந்த நேர்த்தியை வீரய்யா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியப்பான். இந்த மூளையோடு ஒரு பட்டறை வைத்திருந்தால் நாலு ஊர் தேடி வந்திருக்கும். ஆனால் பட்டறை வைத்தவன் காலில் யார் விழுகிறார்கள்?

உண்டியல் பெட்டியைத் திறந்தார்கள். வரிசையில் கடைசியாக நின்று கும்பிட்ட பண்ணைக்காரர் பெட்டிக்கு முதல் ஆளாக வந்து தன் முந்நூறை எடுத்துக்கொண்டார். பிறகு ஆளுக்கு எட்டியதை அள்ளினார்கள். வீரய்யாவின் நூற்றொன்றுக்குப் பெட்டியில் மிஞ்சியது ஒரு செல்லாக் காசு. ஏட்டையா வந்து கூட்டிப்போவதற்கு முன், முன்பணத்துக்கு ஈடாக வண்டியைக் கொடுத்துவிட்டதாகச் சுவாமிகள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பொட்டலில் படித்துப் பார்த்து வாங்கியது அது ஒன்றுதான்.

வண்டியைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு பெரியவர் கூடவே வந்தார். "என்ன இருந்தாலும் தண்ணியத்தானப்பா ஊத்துனாரு. உள்ள போயி அது பெட்ரோலா மாறியிருக்குன்னா அதுவும் ஒரு சக்திதானே" என்றார். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் வண்டியை நிறுத்தி, கும்பிட்டு, குழாய்மேல் சூடம் வைத்து ஏற்றப் போனாள். வீரய்யா பாய்ந்து கையைப் பிடித்திராவிட்டால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முக்தி கிடைத்திருக்கும்.

கடைக்கு வந்ததும் வீரய்யா தரையில் போட்ட பழைய படத்தைக் காலால் தேய்த்தான். மோட்டார் வந்துவிட்டது, நீளம் வந்துவிட்டது, டாங்கி இருக்கவேண்டிய இடமும் தெரிந்துவிட்டது. பலகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. பாதி வண்டி என்னுடையது, தர வேண்டியது ஒன்றும் இல்லை என்றேன். கதவைத் துடைக்கத் துணி நனைக்கத் தண்ணீர் தேடினோம். மூக்காயி விற்காமல் கொண்டுவந்த இரண்டு படி தீர்த்தம் தவலையில் இருந்தது. அதில் நனைத்துத் துடைத்தேன். தொண்ணூற்றேழு ரூபாய் ஆறு அணா ஒரே இழுப்பில் அழிந்தது. சுவாமிகளின் தீர்த்தம் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

இப்போது அந்த வண்டியில் மூன்று மூட்டை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போகிறேன். இடுப்பு மெல்ல எனக்குத் திரும்பி வருகிறது. அடுத்த சந்தைக்கு நெருப்பைத் தின்று நோய் தீர்க்கிற சாமி ஒருவர் வருவதாக இப்போதே தட்டி கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் போங்கள். போவதற்கு முன் ஓரணாக் காசு ஒன்றை எடுத்து உங்கள் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ணங் என்று கேட்டால் வீட்டிலேயே இருங்கள்.