கதிரை மாமாவின் முப்பத்துமூன்று அங்குல டயர்

களுவாஞ்சிக்குடியில் மழையைச் சொந்தப் பகையாளியாக வைத்திருந்த ஒரே மனிதர் கதிரை மாமாதான். வானம் இருண்டால் மற்றவர்கள் கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள். மாமா வீதிக்கு வந்து, இடுப்பில் கையூன்றி, மேலே பார்த்துத் தூஷணத்தால் ஏசுவார்.

கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஆட்கள் குந்தக் கதிரை வாடகைக்கு விடுவது அவர் தொழில். அதற்கொரு பழைய கெப் வாகனம், பின்பக்கம் சாமான் ஏற்றும் திறந்த பெட்டி. முன்பக்கம் தாழ்ந்து, எந்நேரமும் எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் நிற்கும். முந்தின மாரியில், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளைப்பேற்று வலி வந்தது. ஆசுபத்திரிக்குக் கூட்டிவரப் போன கெப், வெள்ளம் மூடிய வீதியில் பாதிவழியில் நின்றுவிட்டது. உழவு இயந்திரம் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது.

அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், மார்கழியில் பேறு என்று தெரிந்த அன்றே மாமா என்னிடம் வந்தார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வாகன வீடியோக்களோடு குடித்தனம் நடத்துபவன்.

“மனே, கெப்ப உசத்தவேணும்.”

“முன்னுக்கு லெவலிங் கிட் போடுவம் மாமா. ரெண்டு அங்குலம் எழும்பி, பின்பக்கத்தோட சமனா வரும். முப்பத்தோரு அங்குல டயர் கணக்கா இருக்கும்.”

“அங்குலத்த விடு. எவ்வளவு தண்ணிக்குக் காணும்?”

எங்கள் பக்கத்தில் வெள்ளத்தை யாரும் அடியில் சொல்வதில்லை. கரண்டைத் தண்ணி, முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. மாமா டயரும் அப்படித்தான் வாங்கினார். போன வெள்ளம் தொட்ட இடத்தில், தொடையில் பேனையால் கோடு கீறிக்கொண்டு கடைக்கு வந்தார். சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு டயருக்கும் பக்கத்தில் போய் நின்றார்.

“அண்ணன், சாரம் கவனம்” என்றார் கடைக்காரர்.

முப்பத்துமூன்று அங்குல டயர்தான் கோட்டைத் தாண்டியது.

“மாமா, இது வேணாம். ஸ்டியரிங்கக் கிறுக்கித் திருப்பினா மட்காட்டில உரசும்.”

“உரசட்டும். தண்ணிக்குள்ள நான் என்ன வட்டமா சுத்தப் போறன்?”

உரசியது. இடது மட்காட்டை ஏற்கெனவே ஒரு எருமை நெளித்திருந்ததால், இடப்பக்கம் திருப்பினால் கெப் ஆடு கத்துவதுபோல் கத்தும். மாமா இடப்பக்கம் திரும்புவதையே கைவிட்டார். செட்டிபாளையத்துக் கலியாண வீடொன்றின் இடப்பக்க ஒழுங்கைக்குள் நுழைய, வலம் வலமாக ஊரைச் சுற்றினார். தாலி கட்டி முடிந்த பிறகுதான் கதிரைகள் போய்ச் சேர்ந்தன.

“ஆனைக் கெப் வருகுது, வாழைகளப் பாத்துக்கொள்ளுங்க!” என்று சந்தியில் கத்துவார்கள். வருஷா வருஷம் மூழ்கும் வீதியை உயர்த்தாதவர்களை மேடையேற்றி மாலை போட்ட ஊர் இது. அவர்கள் குந்தியிருந்ததும் மாமாவின் கதிரையில்தான். கெப்பை உயர்த்தியவருக்குத்தான் பைத்தியப் பட்டம்.

மார்கழி வெள்ளம் வந்தது. பாரம் குறையட்டும் என்று கதிரைகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மாமாவும் நானும் புறப்பட்டோம். கெப் எருமைபோல் நிதானமாகத் தண்ணீரில் இறங்கி, நிதானமாகக் கரையேறியது. மாமா ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார்.

மகள் வாசலில், முழங்கால் தண்ணீரில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உழவு இயந்திரம் தேடிப் போன மருமகன் திரும்பவில்லை. கெப்பின் கதவைத் திறந்தோம். கால் வைக்கும் இடம் அவள் வயிற்றுக்கு நேரே இருந்தது.

“அப்பா, இதில நான் எப்பிடி ஏறுற?”

வெள்ளத்தை அளந்தவர் மகளின் காலை அளக்கவில்லை. அவள் வீட்டுக் கதிரைகள் முதல்நாளே வெள்ளத்தோடு போயிருந்தன. ஊருக்கெல்லாம் கதிரை கொடுக்கும் மனிதரிடம் அன்றைக்கு ஒரு கதிரை இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா தண்ணீருக்குள் குனிந்து, முழங்காலில் கையூன்றினார்.

“மிதி, புள்ள.”

“ஐயோ அப்பா, முதுகு...”

“கதைக்காம மிதி கா!”

அவள் அழுதுகொண்டே மிதித்தாள். நான் மேலே இருந்து கையைப் பிடித்து இழுத்தேன். அன்று பின்னேரம் ஆசுபத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. இருவரும் சுகம்.

வெள்ளம் வடியும்வரை, கேட்டவர்களையெல்லாம் மாமா ஏற்றி இறக்கினார். வடிந்த பிறகு, ஆனைக் கெப் கிளப்பிய அலையில் மதில் விழுந்ததென்று அதே ஆட்கள் ஒன்றுகூடி முறைப்பாடு செய்தார்கள். பரிசோதிக்க வந்த அதிகாரி, டயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, கழற்று என்றார். மாமா கழற்றிவிட்டுப் பழைய டயர்களைப் பூட்டினார். வீதி மட்டும் அதே பள்ளத்தில் கிடக்கிறது.

“இனி ஆரும் என்னக் கூப்பிடத் தேவல்ல. நான் அந்தக் கரையிலயே இருக்கன்” என்று சொல்லி, கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். இப்போது இங்கே செத்தவீடென்றால் பாதிப்பேர் நின்றுகொண்டுதான் அழுகிறார்கள். நிற்கட்டும்.

அந்த நாலு டயரும் ரிம்மோடு எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன. அம்மா தினமும் தடக்கி, தினமும் ஏசுகிறார். ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று நாலுக்கும் காற்று அடித்தேன். வெள்ளம் பாதையை மூடுவதற்குள் மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏறி மிதிப்பதற்கு உறுதியான மரக்கதிரை ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். மாமாவின் முதுகு இன்னொரு தரம் தாங்காது.