சிறுத்தைக்கு நாலாம் வகுப்பில் இடம் கிடைத்த கதை

கிட்டே வந்து உட்காருங்கள். முன்வரிசைக்கு ஒரு தடவை, பின்வரிசைக்கு ஒரு தடவை என்று சொல்கிற கதை இல்லை இது.

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. புங்கமரம்தான் கூரை. டீச்சர் ஒரு வெள்ளாடு, பெயர் மரகதம். ஆட்டுக்குட்டி, முயல்குட்டி, ஒரே ஒரு ஆமை என்று பதினோரு பிள்ளைகள். பாடமும் ஒன்றே ஒன்றுதான்: சிறுத்தை வந்தால் ஓடுவது. பங்குனி பிறந்தால் மலையில் சுனை வற்றும். சுனை வற்றினால் சிறுத்தை கீழே இறங்கும். அதற்குள் பிள்ளைகளின் காலில் பாடம் ஏறியாக வேண்டும். மரகதம் "ஓடு" என்பாள், பிள்ளைகள் ஓடும். பின்தங்கினால் கொம்பால் ஒரு முட்டு. ஆமைக்கு மட்டும் "உள்ளே போ". ஏழு வருஷமாக ஒரு பிள்ளையைக்கூட அவள் பறிகொடுத்ததில்லை.

தை மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து நரி ஐயா வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் ஒரு கழுதை, கழுதை முதுகில் பன்னிரண்டு டேப்லெட் பெட்டி.

"டீச்சர், இனிமே நீங்க சொல்லித்தரக் கூடாது. பிள்ளைங்களே கண்டுபிடிச்சுக் கத்துக்கணும். நீங்க பக்கத்துல நின்னு ஊக்கப்படுத்தினா போதும்."

"சிறுத்தைய எப்படி சார் அதுங்களே கண்டுபிடிக்கும்?"

"வீடியோ இருக்கு. அப்புறம் இந்த முட்டுற வேலையெல்லாம் விட்டுடுங்க. நல்லாவா இருக்கு?"

அன்றோடு மரகதத்தின் பிழைப்பு மாறிப்போனது. காலையில் பதினோரு முகத்தையும் படம் பிடிக்க வேண்டும். சிக்னல் கிடைக்காது. கரையான் புற்றின் மேல் ஏறி, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, படம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முயல்குட்டி படுத்த வாக்கில் வீடியோ பார்த்தே ஓட்டத்தில் நாலாம் நிலையை முடித்துவிட்டது. இடுப்பில் சதையும் போட்டுவிட்டது. ஆமை ஒருநாள் அரை முழம் நகர்ந்தது. "அருமை! உன் வேகமே சரியான வேகம்" என்று பெட்டி ஒரு நட்சத்திரம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஆமை ஓட்டுக்குள் போவதையே விட்டுவிட்டது.

பங்குனி இரண்டாம் நாள், பட்டப்பகலில் சிறுத்தை வந்து நின்றது.

ஒருத்தரும் ஓடவில்லை. "டீச்சர், இது மூணாம் நிலையா, நாலாம் நிலையா?" என்று கேட்டது ஆமை. "வீடியோவுல இடது பக்கமா வரும். இது வேற யாரோ" என்றது முயல்.

மரகதம் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தாள். கத்தினாலும் இந்தக் கால்கள் கிளம்பாது. அப்போதுதான் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பாடம் நடத்தத் தெரிந்தவளையே ரெண்டு மாசம் நடத்தவிடாமல் பண்ணின சாமான். தின்ன வந்தவனை நாலு நாள் தின்னவிடாமல் பண்ணாதா?

"வாப்பா, சேர்க்கைக்கு வந்தியா?" என்றாள்.

"என்ன சேர்க்கை? எனக்குப் பசி."

"பசிக்குத்தான் மத்தியானச் சாப்பாடு இருக்கே. பேரைப் பதிஞ்சாத் தட்டு வரும். மாணவர் எது விரும்புறாரோ அதுதான் போடணும்னு உத்தரவு."

சிறுத்தை யோசித்தது. உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும்போது ஓடிப் பிடிப்பானேன்? "பதியாமத் தின்னா?"

"பேரு சிவப்புல வந்துடும்."

"வந்தா என்ன ஆகும்?"

"தெரியாதுப்பா. பயத்துல இதுவரைக்கும் நான் வரவிட்டதே இல்ல."

சிறுத்தை பயந்து உட்கார்ந்தது. முகத்தைக் காட்டியது. "முகத்தில் கறை உள்ளது, துடைத்துவிட்டு வரவும்" என்றது பெட்டி. ஒருநாள் முழுக்க ஓடைக்கல்லில் புள்ளிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது பாவம். மறுநாள் பெட்டி ரகசிய எண் கேட்டது.

"அது உங்கப்பா போனுக்கு வரும்" என்றாள் மரகதம்.

"எங்கப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு டீச்சர்."

"அடடா. அப்ப இறப்புச் சான்று வேணுமே."

அது சான்றுக்கு அலைந்துவிட்டு வந்து பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மரகதம் பிள்ளைகளைப் புதருக்குப் பின்னால் ஓட்டிப்போய் ஆசைதீர முட்டினாள். ஆமையை மூக்கில் தட்டித் தட்டி உள்ளே அனுப்பினாள். முயலுக்கு இடுப்பு இறங்கியது.

ஐந்தாம் நாள் நரி ஐயா ஆய்வுக்கு வந்தார். நடுவில் சிறுத்தை, மடியில் டேப்லெட், சுற்றிலும் பிள்ளைகள். ஐயாவுக்கு வாயெல்லாம் பல். "இதைத்தான் டீச்சர் நாங்க எதிர்பார்க்கிறோம்" என்று போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டி பச்சையாகிவிட்டது. "டீச்சர், பதிஞ்சுடுச்சு. நாலாம் வகுப்பு" என்றது சிறுத்தை. குரலில் பெருமை. வயிற்றில் ஐந்து நாள் பட்டினி. "தட்டு எங்க? நான் விரும்பினதுதானே?"

மரகதம் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு ஐயாவைப் பார்த்தாள்.

"உத்தரவு போட்டவங்க இங்கதான் நிக்கிறாங்க. அவங்களையே கேட்டுக்கப்பா."

நரி ஐயா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா தம்பி, உன் விருப்பம்தான். டீச்சர் குறுக்க வரமாட்டாங்க. கொஞ்சம் சிரி, இன்னும் ஒரு படம்."

"ஓடு" என்றாள் மரகதம்.

பத்துப் பிள்ளைகள் பறந்தன. ஆமை உள்ளே போனது. ஐயா மட்டும் படம் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மரகதம் பெட்டியைத் திறந்து அன்றைய சாப்பாட்டு விவரத்தைப் பூர்த்தி செய்தாள். சாப்பிட்டவர்: ஒருவர். மாணவருக்குத் திருப்தியா: ஆம். மீதம்: வால் மட்டும்.

நீதி: பள்ளிக்கூடத்தை ஆய்வு செய்யப் போகிறவர் தான் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதாது, அங்கே படிக்கிறவர் சாப்பிட்டாரா என்றும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.