கடலைக் காட்டுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஒரு வீட்டுக்குள் வைத்தியப் புத்தகம் வந்துவிட்டால், அதிலுள்ள நோயெல்லாம் அந்த வீட்டில் யாருக்காவது வந்தே தீரும். எங்கள் வீட்டில் கடலைச் செடிக்கு வந்தது.

வெண்ணந்தூரில் விவசாயிகள் கூட்டத்துக்குப் போனபோது ஆளுக்கொரு பயிர்ப் பாதுகாப்புக் கையேடு கொடுத்தார்கள். பூச்சி, களை, நோய் எல்லாம் கலர் படம். என் வீட்டுக்காரர் தன்னுடையதை பஸ்ஸில் விசிறியாக்கிவிட்டார். நான் என்னுடையதைக் கண்ணில் ஒற்றி, அட்டை போட்டு, சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். (ஒன்பதாவதோடு நின்றவளுக்குப் புத்தகம் என்றாலே சரஸ்வதிதானே.) காலையில் விளக்கேற்றியதும் ஒரு பக்கம் திறந்து பார்ப்பேன்.

கொஞ்ச நாளிலேயே டாக்டராகிவிட்டேன். பக்கத்துக் காட்டு மரவள்ளிக்கு மாவுப்பூச்சி என்று வரப்பில் நின்றே சொன்னேன். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்றேன் (அது புத்தகம் இல்லாமலே தெரியும்). வாரம் தவறாமல் கடைந்து தின்கிற பண்ணைக்கீரையைக் களை என்று படம் போட்டிருந்ததால், அதைக்கூடச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் கடலைதான் எங்களுக்கு வருஷத்து எண்ணெய். செக்கில் ஆட்டும் முதல் எண்ணெயில் வடை சுட்டு, ஊர் ஆஞ்சநேயருக்கு மாலை சாத்துவதாக வேண்டுதல் வேறு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுக்குப் போனால், இலையெல்லாம் செம்புள்ளி. ஓர் இலையைப் பறித்து வந்து புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே படம்.

"ஏனுங்க, நம்ம கடலைக்குத் துரு நோய் வந்துருச்சுங்க."

அவர் தோசையைப் பிட்டபடியே, "முந்தாநேத்து நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

"நோவு சொல்லிட்டா வரும்?"

விவசாய ஆபீசருக்குப் போன் போட்டார். சீக்கிரம் வருவதாகச் சொன்னாராம். எனக்குப் பொறுக்கவில்லை. 'பாதித்த செடிகளைப் பிடுங்கி எரிக்கவும்' என்று புத்தகத்தில் படித்த ஞாபகம். (அது வேறு பக்கம், வேறு நோய்க்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது.) களை வெட்ட வரும் சரசக்காவையும் ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டில் இறக்கிவிட்டேன்.

"ஆபீசரு வர்ற வரைக்கும் பொறு அம்மிணி," என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குள்ள காடு பூராப் பரவிருச்சுன்னா, ஆஞ்சநேயருக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"



சரசக்கா முதல் செடியைப் பிடுங்கி, ஒரு காயை நசுக்கிப் பார்த்தது. "ஏஞ்சாமி, பருப்பு இன்னும் பாலாட்டம் இருக்குது. நெசமாலுமே புடுங்கோணுமா?"

"புடுங்குங்கக்கா," என்றேன், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு முருகா சொன்னேன். என் தலைமுடியைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

ரெண்டு சால் பிடுங்கி முடித்தபோது ஆபீசர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தத் தம்பிக்கு. புத்தகத்தை விரித்து ஒரு கையிலும், இலையை இன்னொரு கையிலும் நீட்டினேன். அவர் புத்தகத்தை விட்டுவிட்டு இலையை வாங்கித் திருப்பினார்.

"அடியில ஒண்ணும் இல்லீங்களே. துருன்னா அடியிலதாங்க மொதல்ல வரும்."

(இதுவும் புத்தகத்தில் இருந்ததாம். நான் படம் மட்டும்தான் பார்த்தேன்.)

கட்டைவிரலால் ஒரு புள்ளியைத் தேய்த்தார். விரல் சிவந்துவிட்டது. மோந்து பார்த்தார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, காட்டுல குங்குமம் ஏதாச்சும் போட்டீங்களா?"

போட்டேன். வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டு மலைக் கோயிலுக்குப் போய்வந்த கையோடு, கண்ணேறு படக்கூடாதென்று மூலைக்கு மூலை நின்று, மனமுருகி, குங்குமத்தைக் கை நிறைய அள்ளிக் காற்றில் வீசினேன். ராத்திரி ஒரு தூறல் வேறு. காவலுக்கு வீசியதே நோயாக வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

சரசக்கா வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆபீசர் தம்பி பாவம், சிரிக்கவும் முடியாமல், விரலைப் பேண்டில் துடைக்கவும் மனசு வராமல் நின்றார். கடைசியில் அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, "இந்த நோய்க்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்கம்மா," என்றார்.

பிடுங்கிய ரெண்டு சாலும் போனது போனதுதான். கொடியை மாடு தின்றது. பிஞ்சை அவித்து நாங்கள் தின்றோம். மிச்சக் காடு நன்றாகவே விளைந்தது. வடைமாலையும் சாத்தியாகிவிட்டது. ஆஞ்சநேயர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கேட்பதற்குத்தான் வீட்டில் ஒருவர் இருக்கிறாரே. சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள், குழந்தைக்குக் கன்னமெல்லாம் சிவப்பாக இருக்கிறது என்று போன மாதம் அழாத குறையாகப் போன் பண்ணினாள். நான் பதறிப்போய் செருப்பைத் தேடுவதற்குள் அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"அழுவாத சாமி. மொதல்ல ஈரத்துணியில தொடச்சுப் பாரு."

துடைத்துப் பார்த்துவிட்டு வந்து, "பீட்ரூட்டுங்கப்பா," என்றாள்.

"உங்கம்மாகிட்டச் சொல்லீர்றேன்," என்றார் அவர், பக்கத்திலேயே நின்ற என்னைப் பார்த்துக்கொண்டு.